சொந்த வழங்கியைச் செம்மையாக நடத்துவது எப்படி?

பிறர் பொருளை நம் வீட்டில் வைத்துக் காப்பது, நம் பொருளைக் காப்பதினும் கடினமான செயல். நம் பொருள் தொலைந்தால் நட்டம் நம்மோடு போயிற்று; பிறர் பொருள் தொலைந்தால் பொருளோடு நம்பிக்கையும் போய்விடுகிறது. நம் நாட்டில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், முன்னாள் மாணவர் மன்றங்கள், ஆலய நிருவாகக் குழுக்கள், கூட்டுறவுக் கழகங்கள் ஆகியவை பிறர் பொருளைப் பெருமளவில் காத்து வருகின்றன. அப்பொருள் பொன்னோ பணமோ அன்று. தாளும் தகவலும் ஆகும்.

கல்வி உதவி நிதிக்கு விண்ணப்பிக்கும் ஒரு தோட்டக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தையும் ஒரே உறையில் இட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிடுகிறது. 'இவற்றை எங்கே வைப்பீர்கள்? எத்தனை நாள் வைப்பீர்கள்? யார் யார் பார்ப்பார்கள்?' என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதனாலேயே நம் கடமை இரட்டிப்பாகிறது.

முன்பு அவ்வுறைகள் இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டன. இப்பொழுது கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பப்பட்டு, கணினியில் சேர்கின்றன. பெரிய நிறுவனங்களின் கணினியில் இடம் வாங்கி வைப்பது ஒரு வழி. 'நம் தகவல் நம்மிடமே இருக்கட்டும்' என்று சொந்தமாக ஒரு கணினியை ஏற்படுத்தி, அதில் ஒரு செயலியை நிறுவி, இணையத்தின் வழியாக உறுப்பினர் பயன்படுத்தும்படி செய்வது மற்றொரு வழி. இவ்வாறு கேட்பவருக்குக் கேட்டதை எடுத்து வழங்கும் கணினியையே சர்வர் என்றும் வழங்கி என்றும் அழைக்கிறோம்.

இத்தகைய செயலிகளுள் பெயர் பெற்ற ஒன்று நெக்ஸ்ட்கிளவுட். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிராங்க் கார்லிட்செக் என்பவர் 2010 ஆம் ஆண்டில் ஓன்கிளவுட் என்னும் செயலியைத் தொடங்கினார். பின்னர் 2016 இல் அதிலிருந்து பிரிந்து நெக்ஸ்ட்கிளவுட்டைத் தோற்றுவித்தார். கோப்பு, படம், நாட்காட்டி, முகவரி ஆகியவற்றை ஒரு குழுவினர் பகிர்ந்துகொள்ள அது உதவுகிறது. விலை கொடுக்க வேண்டுவதில்லை. அதன் நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். ஒரு சிறு சங்கத்திற்கு ஒரு சிறு கணினியே போதும். ஆகவே இக்கட்டுரையில் அதனையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இத்தகைய வழங்கிக்கு மூன்று குணங்கள் வேண்டும். அந்தரங்கம் காத்தல், கள்வர்க்கு இடங்கொடாமை, விரைந்து விடை தருதல் என்பன அவை. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பெரும்பாலான இடங்களில் ஒரே செயல் மூன்றையும் வளர்க்கிறது. சில இடங்களில் மட்டுமே அவை மோதுகின்றன. எங்கே ஒன்றுபடும், எங்கே மோதும் என்று பிரித்தறிவதே வழங்கியை நடத்துவோர் கற்க வேண்டிய பாடம்.

கோரிக்கையின் பயணம்

ஓர் உறுப்பினர் தம் கைத்தொலைபேசியில் ஒரு கோப்பின் பெயரைத் தொடுகிறார் என வைத்துக்கொள்வோம். உலாவி முதலில் நம் வழங்கியின் முகவரியைத் தேடுகிறது. பின்பு அதனோடு இணைப்பை ஏற்படுத்துகிறது. பேசும் பேச்சு பிறர் காதில் விழாதிருக்க மறையாக்க ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அதன் பின்னரே 'இந்தக் கோப்பு வேண்டும்' என்னும் கோரிக்கை செல்கிறது. வழங்கியின் வாயிலில் நிற்கும் மென்பொருள் அக்கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்புகிறது. உள்ளே இருக்கும் நிரல், கேட்பவர் யார், அவருக்கு உரிமை உண்டா எனத் தரவுத்தளத்தில் பார்க்கிறது. உரிமை உண்டெனில் வட்டிலிருந்து கோப்பை எடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது.

இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்கின்றன. ஒவ்வொரு படியிலும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இங்கே யார் பார்க்கக்கூடும்? இங்கே யார் நுழையக்கூடும்? இங்கே எவ்வளவு நேரம் செலவாகிறது? இக்கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால் செய்ய வேண்டியவை தாமே புலப்படும்.

வைக்காத பொருள் களவு போகாது

முதற்கேள்வி 'எப்படிக் காப்பது?' என்பதன்று, 'இதை வைத்திருக்கத்தான் வேண்டுமா?' என்பதே. ஐந்தாண்டுகளுக்கு முன் உதவி நிதி பெற்றுப் பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளையின் தந்தை என்ன சம்பளம் வாங்கினார் என்பது இன்று சங்கத்திற்கு எதற்கு? கணக்குத் தணிக்கைக்குத் தேவையான தொகையும் தேதியும் இருந்தால் போதும். எஞ்சியவற்றை அழித்துவிட்டால் கள்வன் வந்தாலும் எடுப்பதற்கு ஒன்றுமில்லை; தேடுவதற்கும் நகலெடுப்பதற்கும் ஆகும் நேரமும் குறைகிறது. அந்தரங்கம், காவல், விரைவு மூன்றும் ஒரே செயலால் கிட்டுகின்றன.

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. தேவை முடிந்த பின் ஒருவரின் தகவலை வைத்திருத்தலாகாது என்பது அச்சட்டத்தின் ஏழு கோட்பாடுகளுள் ஒன்று. 2024 இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, தகவல் கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் கடமையும் 2025 ஜூன் 1 முதல் சேர்க்கப்பட்டது. அச்சட்டம் வாணிக நடவடிக்கைகளைக் குறித்தே பேசுகிறது. ஆயினும் அது கற்பிக்கும் ஒழுக்கம் சிறு சங்கங்களுக்கும் பொருந்துவதே.

நாம் அறியாமலே சேரும் தகவல்களும் உண்டு. கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள், எடுத்த இடத்தின் குறிப்பும் நேரமும் பல வேளைகளில் ஒளிந்திருக்கும். விளையாட்டுப் போட்டிப் படங்களோடு பிள்ளைகளின் வீட்டு முற்றத்தில் எடுத்த படங்களும் பொதுவில் வைக்கப்படும்போது, அவ்வீடு எங்கே உள்ளது என்பதும் உடன் செல்கிறது. பொதுவில் வைக்கும் படங்களிலிருந்து அக்குறிப்பை நீக்கிவிட வேண்டும். அவ்வாறே, வழங்கிக்கு வந்து போனவரின் இணைய முகவரி எண், வந்த நேரம், பார்த்த பக்கம் ஆகியவற்றை வாயில் மென்பொருள் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். தொல்லை நேர்ந்தால் ஆராய்வதற்குச் சில வாரக் குறிப்பு வேண்டும், ஆண்டுக்கணக்கில் வேண்டுவதில்லை. பழையது தானே அழியுமாறு கட்டளை இட்டுவிடலாம்.

ஒரு கோப்பைப் பிறர்க்குக் காட்ட இணைப்பு முகவரி ஒன்றை அனுப்பும் வழக்கம் இப்பொழுது மிகுந்துள்ளது. அம்முகவரி கைக்குக் கை மாறி எங்கெங்கோ சென்றுவிடும். நெக்ஸ்ட்கிளவுட்டில் அத்தகைய இணைப்புக்குக் கடவுச்சொல்லும் காலாவதித் தேதியும் விதிக்க வசதி உண்டு. அவ்விரண்டையும் கட்டாயமாக்குவது நிருவாகியின் பொறுப்பு.

அஞ்சலட்டையும் ஒட்டிய உறையும்

மறையாக்கம் இல்லாத இணைப்பு அஞ்சலட்டையைப் போன்றது. கை மாறும் இடமெல்லாம் எழுதியதைப் படிக்கலாம்; விரும்பினால் மாற்றியும் எழுதலாம். மறையாக்கம் உள்ள இணைப்பு ஒட்டிய உறையைப் போன்றது. எந்த முகவரிக்குப் போகிறது என்பது வெளியே தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. உலாவியின் முகவரியில் எச்.டி.டி.பி.எஸ் என்று காண்பது இதனையே குறிக்கிறது.

முன்பு இதற்கு வேண்டிய சான்றிதழை விலை கொடுத்து வாங்குவதே பெருவழக்கு. சிறு சங்கங்கள் செலவுக்கு அஞ்சி அதனை விட்டுவிட்டன. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற ஏற்பாடு 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின் அந்தச் சாக்கு நீங்கிற்று. சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் ஆயுள் 90 நாள் என்னும் குறுகிய அளவோடு தொடங்கப்பெற்றது. மனிதர் நினைவை நம்பாமல், புதுப்பிக்கும் வேலையைக் கணினியே செய்துகொள்ள வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

மறையாக்கத்தால் வேகம் குறையும் என்பது பழைய அச்சம். இதனைக் கணக்கால் ஆராய்வோம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரம் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். கம்பி நேர்கோட்டில் கிடப்பதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு முறை போய்வரப் பத்தில் ஒரு வினாடி ஆகும். பழைய மறையாக்க முறையான டி.எல்.எஸ் 1.2 இல், இணைப்புக்கு ஒரு முறை, ஒப்பந்தத்திற்கு இரு முறை, கோரிக்கைக்கு ஒரு முறை என நான்கு முறை போய்வர வேண்டும். பத்தில் நான்கு வினாடி ஆயிற்று. 2018 ஆகஸ்டில் வெளியான டி.எல்.எஸ் 1.3 இல் ஒப்பந்தம் ஒரே முறையில் முடிகிறது. ஆக மூன்று முறை போதும். அதே சமயத்தில், வலுவிழந்த பழைய மறையாக்க வகைகளையும் அம்முறை விலக்கிவிட்டது. காவலும் கூடிற்று, காலமும் குறைந்தது.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. உறுப்பினர் எல்லாரும் இங்கே இருக்க, வழங்கியை ஐரோப்பாவில் வாடகைக்கு அமர்த்தினால், எவ்வளவு ஆற்றல் மிக்க கணினியாயினும் தூரம் தூரமே. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வைத்தால் சில நூறு கிலோமீட்டரே. போய்வர ஆயிரத்தில் சில வினாடிதான்.

அயலார் வீட்டு எழுத்து

நெக்ஸ்ட்கிளவுட்டுக்குப் பக்கத்தில், சங்கத்தைப் பற்றிய அறிமுகப் பக்கங்களையும் பலர் அமைக்கிறார்கள். அழகான எழுத்துரு, நிலப்படம், வருகை எண்ணி, ஒளிக்காட்சி என்று வெளியாரிடமிருந்து பலவற்றை அதில் கோத்துவிடுகிறார்கள். பார்ப்பவர் ஒவ்வொருவரின் உலாவியும் அந்த வெளியாரிடம் சென்று 'இதைத் தா' என்று கேட்கிறது. கேட்கும்போது தன் இணைய முகவரி எண்ணைத் தந்தாக வேண்டும். பல வேளைகளில் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதும் தெரிந்துபோகும். சங்கத்தின் பக்கத்தைப் பார்க்க வந்தவர், தாம் அறியாமலே பத்துப் பேரிடம் தம் வரவைப் பதிவு செய்கிறார்.

இது சிறு குற்றமன்று என்பதை ஒரு வழக்கு காட்டிற்று. ஜெர்மனியின் மியூனிக் மாநில நீதிமன்றம் 2022 ஜனவரி 20 இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரு தளத்தை நடத்தியவர் கூகுள் எழுத்துருக்களை அந்நிறுவனத்தின் வழங்கியிலிருந்து நேரே வரவழைத்ததால், பார்வையாளரின் இணைய முகவரி எண் அவருடைய இசைவின்றி அங்கே சென்றது. அதற்காகப் பார்வையாளருக்கு 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. அந்த எழுத்துருவைத் தம் வழங்கியிலேயே வைத்திருக்க முடியும் என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது.

'வெளியாரிடமிருந்து வரவழைத்தால் விரைவு கிட்டும். மற்றொரு தளத்தைப் பார்த்தபோதே அந்த எழுத்துரு உலாவியில் சேர்ந்திருக்குமே' என்று சிலர் வாதிடுவர். அது முற்காலத்து நியாயம். ஒரு தளத்திற்காகச் சேமித்ததை மற்றொரு தளம் பயன்படுத்தினால், அதன் மூலம் ஒருவர் எங்கெங்கே சென்றார் என்று உளவறிய இயலும். ஆகையால் உலாவிகள் அச்சேமிப்பைத் தளந்தோறும் தனித்தனியே பிரித்துவிட்டன. குரோம் 2020 அக்டோபரிலும், ஃபயர்பாக்ஸ் 2021 ஜனவரியிலும் அவ்வாறு செய்தன. இப்பொழுது வெளியாரிடம் போவதால் கிடைப்பது ஓர் அதிகப்படியான இணைப்பும் அதற்கான தாமதமுமே.

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் இலவச உரிமத்தோடு கிடைக்கின்றன. அவற்றை இறக்கி நம் வழங்கியிலேயே வைத்துக்கொள்ளலாம். வெளியாரிடமிருந்து எதையும் ஏற்க வேண்டாம் என்று உலாவிக்குக் கட்டளையிடும் ஒரு விதியும் உண்டு. உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை என்பது அதன் பெயர். நெக்ஸ்ட்கிளவுட் அவ்விதியோடேயே வருகிறது. பக்கத்தில் நாம் அமைக்கும் அறிமுகப் பக்கத்திற்கும் அதனை விதித்துவிட்டால், கள்வன் புகுத்தும் அயல் நிரலுக்கும் பெரும்பாலும் தடை விழும்.

விரைவு வேண்டாத ஓரிடம்

இனி, மூன்று குணங்களும் ஒத்துப்போகாத இடங்களைப் பார்ப்போம். கடவுச்சொல் அவற்றுள் ஒன்று.

2009 இல் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவை எழுதியபடியே வைக்கப்பட்டிருந்தமையால் அனைத்தும் ஒரே நாளில் வெளியாயின. 2012 இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட கடவுச்சொற்கள், அரைத்து உருமாற்றப்பட்ட வடிவிலேயே இருந்தன. மாவை மீண்டும் நெல்லாக்க முடியாதது போல, உருமாற்றியதிலிருந்து மூலச் சொல்லைப் பெற முடியாது. ஆயினும் கள்வன் வேறு வழி செய்கிறான். ஊரில் வழங்கும் கடவுச்சொற்களை எல்லாம் தானே அரைத்துப் பார்த்து, எது ஒத்து வருகிறது என்று தேடுகிறான். அங்கே கையாண்ட எஸ்.எச்.ஏ-1 என்னும் முறை மிக விரைவானது. அதனால் கள்வனின் வேலையும் விரைவாயிற்று.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, ஒவ்வொருவரின் கடவுச்சொல்லோடும் வெவ்வேறான ஓர் எழுத்துத் தொடரைச் சேர்த்து அரைப்பது. அப்பொழுது ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறுபடும். மற்றொன்று, அரைக்கும் முறையையே வேண்டுமென்று மெதுவாக்குவது. 2015 இல் ஒரு பன்னாட்டுப் போட்டியில் வென்ற ஆர்கன்2 என்னும் முறை இத்தகையது. மிகுந்த நினைவகமும் அதற்கு வேண்டும். முறையாக நுழையும் உறுப்பினர்க்கு அரை வினாடி தாமதம் பெரிதன்று. கோடி முறை முயலும் கள்வனுக்கு அது மலைபோல் குவியும். நெக்ஸ்ட்கிளவுட் இம்முறையைக் கையாள வல்லது.

தவறான கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் இடுபவரின் முகவரிக்கு மட்டும் விடையைத் தாமதப்படுத்தும் ஏற்பாடும் அதில் உண்டு. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வழங்கிக்கு முன்னால் இடைநிலை வழங்கி ஒன்றை நிறுத்தியிருந்தால், எல்லா உறுப்பினரும் அந்த ஒரே முகவரியிலிருந்து வருவதாகவே உள்ளிருப்பதற்குத் தோன்றும். ஒருவர் கடவுச்சொல்லை மறந்து தடுமாறினால் அனைவருக்கும் தாமதம் நேரும். இடைநிலை வழங்கியின் முகவரியை நம்பத்தக்கது என அமைப்பில் குறித்துவிட்டால் இக்குறை தீரும்.

கைத்தொலைபேசியில் 30 வினாடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்ணை இரண்டாம் சாவியாகக் கேட்கும் முறையையும் இணைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது நிருவாகிகளுக்காவது இது கட்டாயமாகட்டும்.

திறந்து கிடக்கும் வாயில்கள்

தோட்டத்துக் காவற்காரர் முன்வாயிலில் விழித்திருந்தாலும், பின்பக்கத்து வேலி பிரிந்து கிடந்தால் பயனில்லை. வழங்கியிலும் அப்படியே. உறுப்பினர்க்கு வேண்டிய ஒரு வாயிலைத் தவிர மற்றவற்றை இணையத்தின் பக்கம் மூடிவிட வேண்டும். தரவுத்தளம் உள்ளுக்குள் மட்டுமே பேச வேண்டியது. அதற்கு வெளிவாயில் எதற்கு? குழுவினர் நால்வர் ஐவர் மட்டுமே பயன்படுத்துவதாயின், வழங்கியை முழுவதுமே மறைத்துவிடலாம். வயர்கார்டு என்னும் மறைவழி 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. அவ்வழியின் சாவி உள்ளவர்க்கன்றி மற்றவர் தட்டினால் அது பதிலே சொல்லாது.

வேலியைக் காலத்தே செப்பனிடாமையின் விளைவை உலகம் 2017 இல் கண்டது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டு, மார்ச் மாதத்திலேயே திருத்தம் வெளியாயிற்று. அந்நிறுவனத்தின் ஒரு செயலியில் மட்டும் அது இடப்படவில்லை. மே மாதத்தில் அதன் வழியே நுழைந்த கள்வர் ஜூலை இறுதி வரை உள்ளிருந்தனர். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விவரங்கள் களவு போயின. பொருட்செல்வம் மிக்க நிறுவனத்திற்கே இக்கதி எனில், சிறு சங்கத்தார் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

ஆகவே இயக்க மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே ஏறுமாறு செய்துவிட வேண்டும். நெக்ஸ்ட்கிளவுட்டைப் பொறுத்தவரை ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்த பெரிய பதிப்புக்கு மட்டுமே ஏற முடியும். இடையிலுள்ள படியைத் தாண்ட முடியாது. மூன்றாண்டு சோம்பியிருந்தவர் படிப்படியாகவே ஏறிவர வேண்டும். பயன்படாத துணைச் செயலிகளை நீக்கிவிடுவதும் நன்று. நீக்கிய ஒவ்வொன்றும் செப்பனிட வேண்டாத ஒரு வேலி; நிரல் ஓடும் நேரமும் மிச்சம்.

கணினியையே தூக்கிச் செல்லும் கள்வனும் உண்டு. அதற்கு வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்வதே காப்பு. இப்பொழுதுள்ள கணினிகளில் பெரும்பாலானவை அவ்வேலையைத் தனிப் பொறிக்கட்டளையால் செய்வதால் வேகம் அதிகம் குறைவதில்லை. சிறு கணினி வாங்குவோர் இதனைப் பார்த்து வாங்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 இல் அப்பொறிக்கட்டளை இல்லை. 2023 இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 5 இல் உண்டு.

தேடும் நேரத்தைச் சுருக்குதல்

'வழங்கி மெதுவாக இருக்கிறது. புதிய கணினி வாங்க வேண்டும்' என்று கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருமுன், நேரம் எங்கே செலவாகிறது என அளந்து பார்க்க வேண்டும்.

தரவுத்தளத்தில் தேடுவதே பல வேளைகளில் தாமதத்தின் காரணம். வரிசைப்படுத்தாத 10 இலட்சம் பெயர்களில் ஒன்றைத் தேடினால் சராசரி 5 இலட்சம் பெயர்களைப் பார்க்க நேரும். அகரவரிசைச் சுட்டி இருந்தால், நடுவில் திறந்து 'முன்னா, பின்னா?' என்று பாதி பாதியாகக் கழித்து 20 படிகளில் கண்டுவிடலாம். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10 இலட்சத்தைத் தாண்டுகிறதல்லவா? நெக்ஸ்ட்கிளவுட் புதிய பதிப்புக்கு ஏறிய பின் ஏதேனும் சுட்டி விடுபட்டிருந்தால் நிருவாகப் பக்கத்திலேயே எச்சரிக்கை காட்டும். ஒரு கட்டளையில் அது சரியாகிவிடும்.

அடுத்தது, ஒரு முறை செய்த வேலையை நினைவில் வைத்திருத்தல். எழுதிய நிரலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருள்கொள்ளாமல், பொருள்கொண்டதை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஓப்கேச் என்னும் ஏற்பாடு 2013 முதல் பி.எச்.பி மொழியோடேயே வருகிறது. அடிக்கடி கேட்கப்படும் விடைகளையும் கோப்புப் பூட்டுகளையும் நினைவகத்தில் வைக்க ரெடிஸ் உதவும். இவ்விரண்டையும் அமைத்தாலே பழைய கணினி புத்துயிர் பெறும்.

ஆயினும் இங்கும் ஒரு மோதல் உண்டு. நினைவில் வைத்ததை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தில் இது பெருந்தொல்லையாயிற்று. தாக்குதல் ஒன்றைச் சமாளிக்கத் தற்சேமிப்பு விதிகளை அவசரமாக மாற்றினர். அம்மாற்றத்தில் நேர்ந்த தவற்றால், ஒருவருக்கென ஆக்கிய கணக்குப் பக்கம் மற்றவர்க்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் இவ்வாறு கைமாறியிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. எழுத்துரு, சின்னம், பாணித்தாள் போன்ற பொதுப்பொருள்களை எவ்வளவு காலமும் சேமிக்கலாம். ஒருவர் பெயரால் திறக்கும் பக்கத்தை இடைநிலையில் எங்கும் சேமிக்கலாகாது என்று கட்டளை இட்டுவிட வேண்டும். அதனால் சிறிது தாமதம் நேர்ந்தால் நேரட்டும்.

நகல் இருக்கிறதா, உயிர் இருக்கிறதா?

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்னும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் களைத்த வேளையில் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பு நகல் எடுக்கப் பல வழிகள் ஏற்படுத்தியிருந்தனர். தேவைப்பட்டபோதுதான் அவை சரிவர வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல் அவர்களைக் காத்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச் நிறுவனத்தின் வழங்கிக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் நகல் வைத்திராத வாடிக்கையாளர் பலர் அனைத்தையும் இழந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் இரு பாடங்களைத் தருகின்றன. நகல் மூன்று இருக்கட்டும். இருவகைச் சாதனத்தில் இருக்கட்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்கட்டும். இது முதற்பாடம். பருவத்துக்கு ஒரு முறையாவது நகலிலிருந்து முழுவதையும் மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. விடைத்தாளைத் திருத்தாமல் மாணவன் தேறினான் என்று சொல்ல முடியாதது போல, மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது.

நகலும் பிறர் அந்தரங்கமே. அதனை மறையாக்கம் செய்து, சாவியை வேறிடத்தில் வைக்க வேண்டும். மூலத்தில் அழித்ததை நகலிலும் உரிய காலத்தில் அழிக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

இதுவரை கூறியவற்றைத் தொகுத்தால் ஒன்று தெளிவாகும். வேண்டாத தகவல், வேண்டாத துணைச் செயலி, வேண்டாத வாயில், வேண்டாத அயலார் தொடர்பு ஆகியவற்றைக் குறைக்கக் குறைக்க மூன்று குணங்களும் சேர்ந்தே வளர்கின்றன. கடவுச்சொல், தற்சேமிப்பு போன்ற சில இடங்களில் மட்டுமே விரைவு மற்ற இரண்டோடு மோதுகிறது. அங்கே விரைவு வழிவிட வேண்டும். காத்திருந்த வினாடி மறந்துபோகும். வெளியான பிறப்புச் சான்றிதழை எவராலும் திரும்பப் பெற முடியாது.

சொந்த வழங்கி அமைக்க விரும்பும் சங்கத்தார்க்கு இறுதியாக ஒரு சொல். வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதனைக் கவனிக்க ஒருவரும், அவர் இல்லாதபோது கவனிக்க மற்றொருவரும் கிடைத்தால் தொடங்குங்கள். அவ்விருவர் கிடைக்கவில்லையெனில் தொடங்காதிருப்பதே நேர்மை. கவனிப்பாரற்ற சொந்த வழங்கியைவிட, கவனிப்பார் உள்ள வாடகை இடம் மேலானது. 'சொந்தம்' என்னும் சொல் பெருமைக்குரியதுதான். ஆனால் வழங்கிதான் நமக்குச் சொந்தம். அதிலுள்ள தாள்கள் நம்மை நம்பிக் கொடுத்தவர்க்கே சொந்தம்.